முடிச்சு அவிழாத பைகள்

ஜலஜாவை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஜன்னல் வழியாக. ஹைதராபாத் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்து மூன்றாவது நாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அந்த மிதப்பு, சட்டையில் தொங்கிய அடையாள அட்டையைவிடப் பெரிதாக முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். டூல் ஸ்டோர் ஜன்னலில் போய் நின்று, "அளவெடுக்க ஒரு வெர்னியர் வேணும்" என்றேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிரவில்லை. உள்ளங்கை மட்டும் வெளியே நீண்டது.

"டோக்கன்?"

"இன்னும் தரல மேடம். நான் பி.இ. முடிச்சுட்டு புதுசா..."

"பி.இ. முடிச்சவர் கையில போனா வெர்னியர் தானா நடந்து திரும்பி வந்துருமா தம்பி? டோக்கன் இல்லாம எங்கப்பாவே எழுந்து வந்தாலும் கெடையாது."

அங்கே அதுதான் சட்டம். ஒவ்வொருவரிடமும் அவரவர் எண் பொறித்த பித்தளை வில்லைகள் ஐந்தாறு இருக்கும். வில்லையைக் கொடுத்துக் கருவியை வாங்க வேண்டும், கருவியைக் கொடுத்து வில்லையை மீட்க வேண்டும். கருவி தொங்கிய ஆணியில் அதுவரை வில்லை தொங்கும். ஷிப்ட் முடிந்ததும் ஆணிகளை ஒரு பார்வை பார்த்தால் போதும், எது எவரிடம் இருக்கிறது என்று ஜலஜாவுக்குத் தெரிந்துவிடும். நான் அன்று வெறுங்கையோடு திரும்பினேன்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை டவுன்ஷிப் சமூகக் கூடத்துக்கு ஷட்டில் ஆடப் போனேன். பக்கத்து அறையில் அதே அம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் இருபது முப்பது பிள்ளைகள், தரை கொள்ளாத மரத்துண்டுகள். ஒரு சின்னப் பெண் நாலைந்து துண்டுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே ஓடினாள். எத்தனை எடுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஏன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலில் பார்த்த அம்மாளா இவர் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அதற்கப்புறம் அவரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விட்டு விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட, நான் வருவதற்கு முன்னால் நடந்த கதைதான் இது.

ஜலஜாவின் அப்பா லால்குடிப் பக்கத்துக்காரர். தொழிற்சாலைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ரயிலேறி வந்தவர். ஜலஜா பிறந்தது, படித்தது, கல்யாணமானது எல்லாம் டவுன்ஷிப்பில்தான். வீட்டில் லால்குடித் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் ஹைதராபாத் ஹிந்தி. டூல் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடங்களில் அவர் பொறுப்பில் ஒரு துளைக்கருவிகூடக் குறைந்ததில்லை. வருடாந்திர சரக்குச் சரிபார்ப்புக்கு வரும் அதிகாரிகள் கடைசி நாள் வேலையாக இவருடைய ஸ்டோரைத்தான் வைத்துக்கொள்வார்கள். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாமே.

கணவர் ஆனந்தகுமாருக்குப் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ஒரே மகள் ஹர்ஷிதா.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கண்ணாடி ஷோகேஸ் இல்லாத ஹாலைப் பார்க்க முடியாது. கீழ்த்தட்டில் டீ செட், நடுத்தட்டில் தாஜ்மகாலும் கிளப் போட்டியில் வாங்கிய கோப்பைகளும், மேல்தட்டில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வந்த பொம்மைகள். பாதிக்கு மேல் பெட்டி பிரிக்காமலே இருக்கும். விருந்தாளிகள் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவு பொம்மையா" என்று சொல்வதற்காக. ஜலஜா வீட்டிலும் அப்படித்தான். மகள் கேட்கும்போதெல்லாம், "பெரியவளானதும் ஆடலாம், இப்ப ஒடைச்சிருவே" என்பார். மகள் பெரியவளானாள். ஜலஜாவுக்குப் பதவி உயர்வு வந்து வேறு குவார்ட்டர்ஸுக்கு மாறும்போதுதான் ஷோகேஸை மொத்தமாகக் காலி செய்தார்கள். அப்போது ஹர்ஷிதாவுக்கு வயது பத்தொன்பது.

ஏ, பி, சி சொல்லிக்கொடுக்கும் விளையாட்டுக் கம்ப்யூட்டரில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. வயிற்றை அழுத்தினால் "மம்மி" என்று கூப்பிடும் பொம்மை, முக்கி முனகி "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டது.

"இதெல்லாம் யாரோடதும்மா?" என்றாள் ஹர்ஷிதா.

"ஒன்னோடதுதான்டி. இந்த வீட்ல வேற எந்தக் குழந்தை இருந்துச்சு?"

"என்னோடதா? நான் ஒண்ணக்கூடத் தொட்டதில்லையே. சாவி உன் இடுப்புலதானே தொங்கிட்டு இருந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. ஜலஜாவுக்கு அதுதான் சுருக்கென்று இருந்தது.

ஷோகேஸுக்கு அடியிலிருந்து ஒரு பழைய அரிசிப் பை வந்தது. அதற்குள் மரத்துண்டுகள். வெளிநாட்டு இயந்திரம் வந்த பெட்டியின் பைன் பலகையை ஆனந்தகுமார் என்றோ அறுத்துத் தேய்த்துக் கொடுத்தவை. ஹர்ஷிதா பையைத் தரையில் கவிழ்த்ததுதான் தாமதம், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, இது கம்பெனி பஸ்! இது இட்லி. இது நந்தகுமார் மாமா."

நந்தகுமார், ஜலஜாவின் தம்பி. ஆனந்தகுமார் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது எப்படிம்மா ஒங்க மாமாவாகும்?" என்றார்.

"பாருங்கப்பா, மேல ஒரு முடி இருக்கா?"

வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மூவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். முப்பது துண்டுகள் செய்ததாக ஆனந்தகுமாருக்கு நினைவு. மிச்சம் பதினொன்றுதான். மீதி எப்போது தொலைந்தன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பதினொன்றை வைத்துக்கொண்டே பஸ்ஸும் ஓடியது, மாமாவும் வந்தார்.

ஜலஜாவுக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. பேட்டரி போனதும் ஒரு பொம்மை செத்தது. ஒரு துண்டு காணாமல் போனால் படம் சேர்க்கும் விளையாட்டு செத்துவிடும். பத்தொன்பது துண்டுகள் போன பிறகும் இது மட்டும் உயிரோடு இருக்கிறது.

சமூகக் கூடத்தின் பக்கத்து அறை அப்போது சும்மா கிடந்தது. அதைப் பிள்ளைகள் விளையாட, பொம்மை எடுத்துப்போக ஒரு இடமாக்கலாம் என்று குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஜலஜா எழுதிக்கொடுத்தார். டவுன்ஷிப் மழலைப் பள்ளி ஆசிரியை வேதவல்லியும் கூடச் சேர்ந்துகொண்டார். சங்கச் செயலாளர் பத்மநாபன், தொழிற்சாலையின் திட்டப் பிரிவு அதிகாரி. அவருக்கு அந்த அறையைப் பற்றி வேறு யோசனை இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஃபவுண்டேஷன் வகுப்பு. டியூஷன் சென்டர்கள் நிறைந்த அமீர்பேட்டிலிருந்து ஒரு வாத்தியாரிடம்கூடப் பேசி வைத்திருந்தார்.

"விளையாடறதுக்கு வெளியில அவ்ளோ பெரிய மைதானம் இருக்கே ஜலஜா. ரூம் எதுக்கு?"

"மைதானத்துல ஓடலாம் சார். உக்காந்து எதையாவது கட்டணும்னா எடம் வேணுமே."

"கட்டி?"

ஜலஜா ஒரு கணம் யோசித்தார். "கட்டி, அப்புறம் இடிக்கணும் சார்."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பத்மநாபனும் சிரித்துவிட்டார். தீர்மானம் இப்படி எழுதப்பட்டது: மார்ச் கடைசி ஞாயிறு வரை அறை ஜலஜாவுக்கு. அன்று சங்கத்தார் வந்து பார்க்கும்போது முப்பது பிள்ளைகளாவது அங்கே விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி மேசை, பலகை, வாத்தியார்.

பொம்மை வாங்க ஜலஜாவும் வேதவல்லியும் பேகம் பஜார் போனார்கள். எந்தப் பொம்மையை எடுத்தாலும் ஜலஜாவிடம் மூன்று சோதனைகள் இருந்தன. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் தாங்குமா? ஒரு துண்டு தொலைந்தால் மீதி பிழைக்குமா? இது வேறு எதுவாகவெல்லாம் மாறும்? முதல் சோதனையை அவர் கடையிலேயே நடத்தினார். பளபளவென்ற கார் ஒன்று தரையில் விழுந்து சக்கரம் தனியாக உருண்டு போனது. கடைக்காரர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஹல்லு மேடம், ஹல்லு! கைக்கு கிராத்தீ?" மெதுவாக, ஏன் கீழே போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பசங்க மெதுவாப் போட மாட்டாங்க பாய்" என்றார் ஜலஜா ஹிந்தியில். "சரி, இந்தக் கார் வேற என்னவா ஆகும்?"

"வேற என்ன ஆகும்? கார் காராத்தான் இருக்கும் மேடம். பட்டனை அமுக்கினா பாடும்."

"அப்புறம்?"

"அப்புறம்... திரும்பவும் பாடும்."

"அப்ப நக்கோ, வேண்டாம்."

வேதவல்லி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கடைசியில் அவர்கள் வாங்கியவை பின்கட்டில் தூசி படிந்து கிடந்தவை: சாயம் பூசாத மரக்கட்டைகள், மர வளையங்கள், வண்டி இல்லாத சக்கரங்கள், வில் போல வளைந்த பலகைகள். கயிறும் பருத்தித் துணியும் இன்னொரு கடையில். உடைந்த காரையும் ஜலஜா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். தொழிற்சாலையிலிருந்து கேட் பாஸ் போட்டுப் பைன் பலகை வந்தது. ஆனந்தகுமார் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்துத்தான் தேர்வு செய்வார். கன்னம் கீறினால் மறுபடியும் உப்புத்தாள். அந்த மாதம் அவர் சவரம் செய்யும்போதெல்லாம் எரிகிறது என்று முனகிக்கொண்டிருந்தார்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. தவறு செய்தது ஜலஜாவின் கை. இருபத்திரண்டு வருடம் ஒரே வேலையைச் செய்து பழகிய கை.

ஒரு துணிப் பைக்கு நாற்பது துண்டுகள் என்று எண்ணிப் போட்டார். ஒவ்வொரு துண்டின் அடியிலும் சின்னதாக எண் எழுதினார். அலுமினியத் தகட்டில் வில்லை வெட்டி, பிள்ளைகளின் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். சுவரில் ஆணிப் பலகை வந்தது. வில்லையைக் கொடுத்துப் பையை எடுத்துப் போகலாம், ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம், திருப்பித் தரும்போது அவர் எண்ணிப் பார்ப்பார். குறைந்தால் பிள்ளையின் வில்லை ஓரத்திலிருந்த சிவப்பு ஆணியில் தொங்கும். அபராதம் ஒன்றும் இல்லை. தொங்கும், அவ்வளவுதான். எண்ணி முடித்த பையின் வாயை இரண்டு சுற்று, ஒரு மடிப்பு என்று அவர் ஒரு முடிச்சுப் போடுவார். ஸ்டோரில் பழகிய முடிச்சு. வேறு யாருக்கும் அப்படி வராது.

டவுன்ஷிப் பெற்றோருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "இதுதான் சிஸ்டம்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகள் வில்லையைக் கழுத்தில் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் ஆணிப் பலகை நிறைந்து வழிந்தது. சிவப்பு ஆணியில் ஒருநாளும் ஒரு வில்லைகூடத் தொங்கவில்லை. ஸ்டோரைப் போலவே இங்கும் ஒரு துண்டு குறையவில்லை என்று ஜலஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, திரும்பி வந்த பைகளை வரிசையாக வைத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது பையில் கை நின்றுவிட்டது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு. அடுத்த பையிலும் இரண்டு சுற்று, ஒரு மடிப்பு. அதற்கடுத்ததும் அப்படியே.

"வேதா, இங்க வா. இந்த முடிச்செல்லாம் நீ போட்டியா?"

"நானா? எனக்கு அது வராதேக்கா. நீங்க கட்டிக் குடுத்தது மாதிரியேதான் இருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அன்று வந்திருந்த இருபத்தெட்டுப் பைகளில் இருபத்தொன்று, கட்டிக் கொடுத்தபடியே திரும்பியிருந்தது.

அன்று சாயங்காலமே ஜலஜா, பை இன்னும் திரும்பி வராத ஜெயச்சந்திரன் வீட்டுக்குப் போனார். ஜெயச்சந்திரன் தொழிற்சாலையில் ஃபோர்மேன், ஸ்டோர் ஜன்னலில் தினமும் நிற்பவர். அவருடைய ஆறு வயது மகன் கௌஷிக் சோபாவில் செல்போனோடு கவிழ்ந்து கிடந்தான். ஜெயச்சந்திரனின் மனைவி ஹம்ஸினி காபி கொண்டுவந்தார்.

"கௌஷிக், கட்டைப் பை எங்கடா கண்ணா?" என்றார் ஜலஜா.

அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை மட்டும் நீட்டினான். ஷோகேஸில், தாஜ்மகாலுக்குப் பக்கத்தில், பை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"தூசிகூடப் படல மேடம்" என்றார் ஹம்ஸினி. "வெள்ளிக்கிழமை துடைச்சுக்கூட வெச்சேன்."

"இருபது வருசத்துல ஒங்க ஜன்னல்ல நான் ஒரு தடவையாவது ஷார்ட் வந்திருக்கேனா மேடம்?" என்றார் ஜெயச்சந்திரன். "எம் பையன் டோக்கன் மட்டும் செவப்பு ஆணிக்குப் போயிருமா? விடுவேனா?"

ஜலஜா கௌஷிக் பக்கம் குனிந்தார். "நீ இத வெச்சு ஆடலையா?"

அவனுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது தெலுங்குதான். "நாக்கு வத்து ஆன்ட்டி. போத்தே டாடி கோப்படத்தாரு." வேண்டாமாம். தொலைந்தால் அப்பா திட்டுவாராம்.

ஜலஜா காபியைக் குடித்து முடித்தார். ஹம்ஸினியின் இடுப்பில் ஷோகேஸ் சாவி தொங்கியது. இவர்களிடம் என்ன சொல்வது? அந்தச் சாவியைத் தன் கையாலேயே செய்து வீடு வீடாகக் கொடுத்தது போல இருந்தது அவருக்கு.

அடுத்த ஞாயிறு அறையில் மொத்தம் நான்கு பிள்ளைகள். பத்மநாபன் நடைப்பயிற்சி முடிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஜலஜா, பையெல்லாம் போயிருக்கு, ஆளைக் காணோம்? உன் மேல தப்பு சொல்லல. அவாவா குழந்தை அவாவா ஆத்துலயே ஆடறது போலருக்கு."

"வீட்லயும் ஆடல சார்."

பத்மநாபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்ப்பது போல. மார்ச் கடைசி ஞாயிறுக்கு எட்டு வாரங்கள் இருந்தன.

அவர் போனதும் வேதவல்லி மெதுவாகச் சொன்னார்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. லைட் எரியற பொம்மை, பாட்டுப் பாடற பொம்மைன்னு ஒரு பத்து வாங்கிப் போட்டா கூட்டம் தானா வந்துரும். ரூமையாவது காப்பாத்திக்கலாம்."

"வரும் வேதா. பேட்டரி தீர்ற வரைக்கும் வரும்."

ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அறை போனால் எல்லாம் போயிற்று. பொம்மை எதுவானால் என்ன? புதன்கிழமை மதியம் ஸ்டோரில் ட்ரில் பிட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பேகம் பஜாரில் கேட்ட இரண்டாவது கேள்வி: ஒரு துண்டு தொலைந்தால் மீதி பிழைக்குமா? பிழைக்கும் என்று தெரிந்துதானே இவற்றை வாங்கினார்! தொலைந்தால் பரவாயில்லாத பொருளாகத் தேடித் தேடிப் பொறுக்கிவந்து, தொலையவே கூடாது என்று முடிச்சுப் போட்டிருக்கிறார். எண்ணிக்கொண்டிருந்தது விட்டுப்போய்விட்டது. முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார்.

அந்த ஞாயிறு எல்லாப் பைகளையும் திரும்ப வரச் சொன்னார். பிள்ளைகளோடு பெற்றோரும் வந்திருந்தார்கள். ஜலஜா கத்தரிக்கோலை எடுத்து முப்பது முடிச்சுகளையும் வெட்டினார். பைகளை நடு அறையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். ஆயிரத்து இருநூறு துண்டுகள் தரையில் மலையாகக் குவிந்தன. ஆணிப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இனிமே டோக்கன் கெடையாது. பையும் கெடையாது. வாங்க, ஆடுங்க. கவுண்ட் இல்ல."

பிள்ளைகள் நகரவில்லை. ஜெயச்சந்திரன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நாளைக்கு வெர்னியரும் கவுண்ட் இல்லாமத்தான் குடுப்பீங்களா மேடம்?"

"வெர்னியர் ஒண்ணு போனா வேலை நிக்கும் ஜெயச்சந்திரன். கட்டை ஒண்ணு போனா ஒண்ணும் நிக்காது. அப்படிப் பாத்துத்தான் வாங்கினேன். வாங்கினவளே மறந்துட்டேன்."

மாதங்கி என்ற நாலு வயதுப் பெண் ஒரு வளையத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அது விழுந்து உருண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு மூன்று பேர் ஓடினார்கள். அவ்வளவுதான், அணை உடைந்தது.

உடைந்ததைத் தாங்குவது ஜலஜாவுக்கு அத்தனை எளிதாக இல்லை. முதல் இரண்டு வாரமும் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கிவிடும். உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். துண்டுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. கம்பெனி பஸ் சீட்டில் ஒன்று கிடந்தது. யாரோ ஒருவர் வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. பத்மநாபன் தன் ஸ்கூட்டருக்கு அடியில் ஒன்றைக் கண்டெடுத்தார், சங்கக் கூட்டத்தில் காட்டுவதற்காகப் பத்திரப்படுத்திக்கொண்டார். ஆனந்தகுமார் சனிக்கிழமை தோறும் புதுத் துண்டுகள் அறுத்தார். "ஒங்கம்மா எண்ணறத விட்டா, என் கன்னம் போச்சு" என்று மகளிடம் சொன்னார். நான்கு பேர் ஒன்பதானார்கள், ஒன்பது பதினேழானது. கௌஷிக் மூன்றாவது வாரம்தான் குவியலைத் தொட்டான். அப்பா வாசலில் நிற்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தொட்டான்.

மார்ச் கடைசி ஞாயிறு, பதினொரு மணிக்குப் பத்மநாபன் சங்கத்தார் நால்வரோடு வந்தார். உள்ளே போக முடியவில்லை. வாசலிலிருந்து மூன்றடியில், மரக்கட்டைகளால் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கௌஷிக் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், சாய்த்து வைத்திருந்த பழைய ஆணிப் பலகையில் வளையங்களும் சக்கரங்களும் தொங்கின. அதற்கும் பின்னால் வளைந்த பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு, துணியால் கூரை கட்டி, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுடா கண்ணா. உள்ள போய் எத்தனை பேர்னு பாக்கணும்" என்றார் பத்மநாபன்.

கௌஷிக் நிமிரவில்லை. உள்ளங்கை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே நீண்டது.

"டோக்கன்?"

"என்னது?"

"டோக்கன் லேது? அயித்தே லோப்பலிக்கி ராகூடது." டோக்கன் இல்லையென்றால் உள்ளே வரக்கூடாதாம்.

"டேய், அவர் பெரிய ஆபீசர்டா" என்று உள்ளேயிருந்து மாதங்கி கத்தினாள்.

"மா நான்ன ஒச்சினா இவ்வனு" என்றான் கௌஷிக். எங்கப்பாவே வந்தாலும் தரமாட்டேன்.

சங்கத்தார் கொல்லென்று சிரித்தார்கள். வாசல் ஓரத்தில் நின்ற ஜெயச்சந்திரன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஜலஜா முகத்தை மூடிக்கொண்டார். பத்மநாபன் சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார். அங்கே கையில் தட்டுப்பட்டது, புகார் சொல்லக் கொண்டுவந்த மரத்துண்டு. ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தார். கௌஷிக் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆணியில் செருகினான்.

"மீக்கு ஏம் காவாலி?" உங்களுக்கு என்ன வேண்டும்?

எந்தக் கூட்டத்துக்கும் மூன்று பக்கப் பட்டியலோடு வருகிற பத்மநாபன் உள்ளே கூரை போட்ட பஸ்ஸைப் பார்த்தார். ஓட்டுநர் இடம் காலியாக இருந்தது.

"ஸ்டியரிங்" என்றார். "ஸ்டியரிங் இருக்கா?"

கௌஷிக் ஒரு வளையத்தை எடுத்துக் கொடுத்து, சுவரில் நாலு கட்டைகளை நகர்த்தி வழிவிட்டான்.

முப்பத்து மூன்று வருடம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வேலைக்குப் போன மனிதர், அன்று முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து பஸ் ஓட்டினார். பின்னாலிருந்து, "பட்டன்செரு ஸ்டாப் வந்தா சொல்லுங்க" என்று ஒரு குரல் அதட்டியது. பிள்ளைகளை எண்ணுவதை அவர் மறந்தே போனார். வேதவல்லிதான் எண்ணினார். எண்ணிவிட்டு ஜலஜாவின் காதில் எண்ணைச் சொல்லி உதட்டைப் பிதுக்கினார்.

பத்மநாபன் சுவரைப் பிடிக்காமல், கட்டைகள் சரியாமல், மெல்ல எழுந்து வெளியே வந்தார். "எத்தனை பேர் ஜலஜா?"

"இருபத்தாறு சார்."

"என்னையும் சேர்த்தா?"

"உங்களச் சேத்தா இருபத்தேழு. ஆனா குழந்தைங்க முப்பதுன்னுதான் சார் தீர்மானம்." இருபத்திரண்டு வருடத்தில் அவர் தப்பாக ஓர் எண்ணைச் சொன்னதில்லை. அன்றும் சொல்ல வரவில்லை.

முடிவு செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்தில்தான். திங்களன்று ஸ்டோரில் ஜலஜா இரண்டு பேருக்கு ஆணி மாற்றி வில்லையை மாட்டிவிட்டார், அப்படி என்றைக்கும் நடந்ததில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் வேதவல்லி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அக்கா, ஃபவுண்டேஷன் க்ளாஸ் மாடி ரீடிங் ரூமுக்குப் போயிருச்சு! ரூம் நமக்கு. ஒரு வருசத்துக்கு."

"முப்பது வரலையேடி?"

"அதத்தான் ஒருத்தர் கேட்டாரு. பத்மநாபன் சார் என்ன சொன்னாரு தெரியுமா? முப்பது வரல வாஸ்தவம்தான், ஆனா வந்ததுல ஒண்ணுகூட வாசலப் பாக்கல, என் பசங்க ரெண்டு பேரும் அப்ப அமீர்பேட் ஃபவுண்டேஷன் க்ளாஸ்ல கடியாரத்தையே பாத்துண்டு உக்காந்திருப்பா அப்படின்னாரு." வேதவல்லி கையிலிருந்த நீளமான நோட்டை நீட்டினார். "ஆனா ஒரு கண்டிஷன். சங்கத்து சாமானாம். வருசா வருசம் ஸ்டாக் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்."

ஜலஜா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கோடு போட்டார். வரிசை எண், பொருள், எண்ணிக்கை. பொருளுக்கு நேராக "மரத்துண்டுகள்" என்று எழுதினார். எண்ணிக்கைக்கு வந்ததும் பேனா நின்றது. போய் எண்ணிவிட்டு வர வேதவல்லி எழுந்தார். ஜலஜா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு தன் அழகான ஸ்டோர் கையெழுத்தில், "ஆடப் போதும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பத்மநாபன் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அறைக்கான அனுமதி இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை அங்கே சராசரியாக முப்பத்தைந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஆனந்தகுமார் மாதம் ஒரு சனிக்கிழமை கட்டை அறுக்கிறார். ஜலஜா இன்னும் அதே டூல் ஸ்டோர் ஜன்னலில்தான் இருக்கிறார், டோக்கன் இல்லாமல் எதுவும் தருவதில்லை.